பாய்மரப் படகில் ஏழு நாட்கள்

"நல்லா ஓய்வு எடுத்துக்கோங்க" என்று டாக்டர்கள் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மாத்திரை என்றால் மருந்துக் கடையில் வாங்கலாம். ஓய்வை எந்தக் கடையில் வாங்குவது, சொல்லுங்கள்!

எனக்கு வயது நாற்பத்தாறு. என் மாமியார் பக்கவாதம் வந்து நான்கு வருடம் படுக்கையில் இருந்தார்கள். படுத்த படுக்கையாக இருப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகில் புண் வந்துவிடும். பகலில் எப்படியோ ஓடிவிடும். ராத்திரி இரண்டு மணிக்குத்தான் கஷ்டம். நான்கு வருடம் அலாரம் வைத்து எழுந்தேன். அவர்கள் காலமாகி, முதல் வருடத் திதியும் முடிந்துவிட்டது. ஆனால் அலாரம் இல்லாமலே எனக்கு ராத்திரி இரண்டு மணிக்கு விழிப்பு வந்துவிடும். அப்புறம் விடியும் வரை கொட்டக் கொட்ட முழித்துக்கொண்டிருப்பேன். பிரஷர் ஏறியது. பேச்சில் எரிச்சல் ஏறியது. பிள்ளைகள் என்னைக் கண்டாலே ஒதுங்க ஆரம்பித்தார்கள்.

அந்தச் சமயத்தில்தான் என் தம்பியிடமிருந்து போன் வந்தது. அவன் கப்பலில் என்ஜினீயராக இருந்தவன். இப்போது கிரேக்க நாட்டில் ஏதென்ஸை ஒட்டிய பிரேயஸ் துறைமுகத்தில், ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் வேலை பார்க்கிறான். "அக்கா, செப்டம்பர்ல அத்தானைக் கூட்டிக்கிட்டுக் கிளம்பி வா. ஒரு வாரம் பாய்மரப் படகுல தீவு தீவாப் போவோம். நீ ஒண்ணும் பண்ணாண்டாம், வந்து உக்காரு போதும்" என்றான்.

நான் பிறந்தது தூத்துக்குடி. எங்கள் தாத்தா காலத்தில் தோணிகள் பாய் விரித்துக் கொழும்புக்குப் போவதைப் பற்றி வீட்டில் கதை கதையாகச் சொல்வார்கள். ஆனால் நான் கடலில் கால் நனைத்ததோடு சரி, நீச்சலும் தெரியாது. "ஏழு நாள் கடல் மேலயா? வேற வினையே வேண்டாம்" என்றேன். என் கணவர்தான், "உன் தம்பி ஆசையாக் கூப்பிடுதான். போயிட்டு வருவோமே" என்றார். பையன் கல்லூரி விடுதியில் இருக்கிறான். பெண்ணை நாத்தனார் வீட்டில் விட்டோம். விசாவுக்கு ஒன்றரை மாதம் முன்பே மனுக் கொடுத்து, வளைகுடாவில் விமானம் மாறி, ஒரு வெள்ளிக்கிழமை ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தோம்.

மிதக்கும் வீடு

சனிக்கிழமை சாயங்காலம் அலிமோஸ் என்ற படகுத்துறைக்குப் போனோம். எங்கள் படகுக்கு நாற்பது அடி நீளம். வெளியிலிருந்து பார்க்க அழகாகத்தான் இருந்தது. உள்ளே இறங்கிப் பார்த்தால், ரயில் பெட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கியது போல இருந்தது! மூன்று படுக்கை அறைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பேர் ஒட்டிப் படுக்கலாம். நடுவில் சாப்பாட்டு மேஜை. ஒரு மூலையில் சமையலறை. கழிப்பறையில் தண்ணீரைக் கையால் பம்ப் அடித்து வெளியேற்ற வேண்டும்.

கிரேக்க நாட்டில் இப்படிப் படகை வாடகைக்கு எடுத்து நாமே ஓட்ட வேண்டுமானால், அதற்கென்று உரிமம் வேண்டும்; உடன் வருபவர்களில் இன்னொருவருக்கும் படகு ஓட்டிய அனுபவம் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் சம்பளத்துக்குக் கேப்டனை அமர்த்திக்கொள்ளலாம். அவருடைய சாப்பாடு நம் பொறுப்பு. தம்பி அப்படித்தான் ஏற்பாடு செய்திருந்தான். வந்து நின்றவரைப் பார்த்தால் ஒரு பெண்! ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். வெயிலில் கறுத்த முகம், குட்டையாக வெட்டிய நரைத்த முடி. நாங்கள் 'கேப்டனம்மா' என்றே கூப்பிட்டோம். அவருக்கும் அந்தப் பெயர் பிடித்துவிட்டது.

சமையலறை அடுப்பைப் பார்த்து நான் அசந்து போனேன். அது தொட்டில் போலத் தொங்குகிறது! படகு எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அடுப்பு மட்டம் மாறாமல் நிற்கும். பாத்திரம் நகராமலிருக்க இரண்டு பக்கமும் கம்பிப் பிடிகள். குளிர்பெட்டிக்கு மேல்பக்கம்தான் கதவு. அப்போதுதான் குளிர் கீழே இறங்கி வெளியே போகாதாம். நான் ஊரிலிருந்து தூக்கிக்கொண்டு போன மூன்று லிட்டர் குக்கரை வெளியே எடுத்ததும் என் கணவர் தலையில் அடித்துக்கொண்டார். கேப்டனம்மாவோ, "நல்ல வேலை செய்தாய். படகுக்கு இதைவிடப் பொருத்தமான பாத்திரம் கிடையாது. கொட்டாது, சிந்தாது, காஸும் மிச்சம்" என்று பாராட்டினார். இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

தண்ணீர்த் தொட்டியில் முந்நூறு லிட்டர்தான் பிடிக்கும். ஆறு பேருக்கு இரண்டு மூன்று நாள் வர வேண்டும். தண்ணீர் லாரிக்குக் குடத்தோடு வரிசையில் நின்று பழகிய நமக்கா இது பெரிய விஷயம்? எச்சில் பாத்திரங்களை வாளியில் மொண்ட கடல் தண்ணீரில் முதலில் கழுவி, கடைசியாக ஒரே ஒரு செம்பு நல்ல தண்ணீரில் அலசி எடுத்தேன்.

ஆனால் அந்தப் பெருமை அதிக நேரம் நீடிக்கவில்லை. கேப்டனம்மா ஒரு தாளில் பட்டியல் போட்டுச் சுவரில் ஒட்டினார். தினம் ஒருவர் சமையலறைப் பொறுப்பு: ஞாயிறு தம்பி, திங்கள் என் கணவர், செவ்வாய் தம்பி மனைவி... என் முறை வியாழக்கிழமைதான். "மற்ற நாட்களில் நீ சமையலறைக்குள் வரக் கூடாது. படகில் ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. அடுத்தவர் வேலையில் யாரும் கை வைக்கக் கூடாது. வைத்தால் விபத்து" என்றார். திங்கட்கிழமை காலையில் காபி எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போதே பயம் வந்துவிட்டது.

என்ஜினை நிறுத்தியதும்...

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினோம். முதல் தீவு ஏயினா, சுமார் 16 கடல் மைல் தூரம். ஒரு கடல் மைல் என்பது 1,852 மீட்டர். பாய்மரப் படகு மணிக்கு ஐந்து கடல் மைல் போனாலே நல்ல வேகம். ஆகவே இந்தப் பயணத்தில் அவசரம் என்ற பேச்சுக்கே இடமில்லை.

துறையை விட்டு வெளியே வந்து பாயை ஏற்றினார்கள். கயிற்றை உருளையில் சுற்றி இழுக்கும் வேலை என் கணவருக்கு. பாயில் காற்று நிறைந்ததும் படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "முருகா!" என்று கம்பியைப் பிடித்துக்கொண்டேன். வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது. உள்ளே போய்ப் படுக்கலாம் என்று எழுந்தேன். "உள்ளே போகாதே! கீழே போனால் இன்னும் அதிகமாகும். இங்கே உட்கார்ந்து, தூரத்தில் வானமும் கடலும் சேரும் கோட்டைப் பார்" என்று கேப்டனம்மா அதட்டினார். தம்பி மனைவி, "மதினி, இதைக் கொஞ்சம் கடிங்க" என்று இஞ்சித் துண்டும் உப்பு பிஸ்கட்டும் கொடுத்தாள். அரை மணி நேரத்தில் சரியாகிவிட்டது.

அப்புறம் என்ஜினை நிறுத்தினார்கள். அதுவரை கேட்டுக்கொண்டிருந்த 'டக டக' சத்தம் நின்றது. தண்ணீர் படகின் மேல் உரசும் சத்தம் மட்டும்! மிக்ஸி இல்லை, மோட்டார் இல்லை, டி.வி. இல்லை, "அம்மா, என் சாக்ஸ் எங்கே?" இல்லை. எத்தனை வருடமாயிற்று இப்படி ஒரு அமைதியைக் கேட்டு!

ஏயினா பிஸ்தாவுக்குப் பேர் போன தீவு. துறையிலேயே கடை கடையாகப் பிஸ்தா: வறுத்தது, உப்புப் போட்டது, தேனில் ஊறியது. நவீன கிரேக்க நாட்டுக்கு 1828-இல் முதல் தலைநகராகச் சில காலம் இருந்ததும் இந்தச் சின்ன ஊர்தான். சாயங்காலம் வாடகைக் காரில், பைன் மரங்கள் அடர்ந்த மலைமேல் இருக்கும் அஃபாயா தேவியின் கோயிலுக்குப் போனோம். 2,500 ஆண்டுப் பழமை. கூரை போய்விட்டது, தூண்கள் நிற்கின்றன. பூசையும் இல்லை, கற்பூரமும் இல்லை. ஆனாலும் செருப்பைக் கழற்றாமல் நிற்க எனக்கு என்னவோ போல் இருந்தது.

அன்று ராத்திரி சரியாக இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டேன். மேலே ஏறி வந்தால், கேப்டனம்மா கையில் டார்ச் விளக்கோடு கயிறுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். காற்று திசை மாறியதாம். "நீ ஏன் எழுந்தாய்?" என்றார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் மாமியார் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இந்தப் படகில் ராத்திரி முழித்திருப்பது என் வேலை. அதற்குத்தான் சம்பளம் வாங்குகிறேன். பட்டியல் ஞாபகம் இருக்கிறதா? அடுத்தவர் வேலையில் கை வைக்காதே, போய்ப் படு" என்றார். சிரிப்பு வந்துவிட்டது. போய்ப் படுத்தேன். தூக்கம்தான் வரவில்லை.

மயிலும் பருப்புக் கடைசலும்

திங்கட்கிழமை காலையில் இவர் போட்ட காபியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை! குடும்ப கௌரவம் என்று ஒன்று இருக்கிறதல்லவா?

ஏயினாவை ஒட்டி மோனி என்று ஒரு குட்டித் தீவு. வீடு வாசல் கிடையாது. அங்கே நங்கூரம் போட்டுவிட்டு, சின்ன ரப்பர் படகில் கரைக்குப் போனோம். மரத்தடியில் என்ன நிற்கிறது என்று நினைக்கிறீர்கள்? மயில்! முருகனின் வாகனத்தைக் கிரேக்க நாட்டில் பார்ப்பேன் என்று யார் கண்டது? ஏழு வயது மருமகள், "அத்தை, இது நம்ம ஊர் மயிலா?" என்று கேட்டுக் குதித்தாள்.

மத்தியானம் எதிர்க் கரையிலிருக்கும் பழைய எபிடாரஸ் என்ற சிற்றூருக்குப் போய்ச் சேர்ந்தோம். அது தீவல்ல, பெரிய நிலப்பகுதியின் கரை. ஊரைச் சுற்றி ஆரஞ்சுத் தோப்புகள். ராத்திரிச் சாப்பாடு கரையோர உணவுக் கடையில். வாசலில் ஆக்டோபஸ்ஸைத் துணி உலர்த்துவது போலக் கொடியில் காயப் போட்டிருந்தார்கள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

நாங்கள் சைவம். பட்டினிதான் என்று எண்ணிக்கொண்டு போனேன். நடந்தது நேர்மாறு! கிரேக்கக் கிறிஸ்தவர்களுக்கு வருடத்தில் விரத நாட்கள் நிறைய உண்டு. அன்று இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காமல் சமைப்பார்கள். அதற்கு 'நிஸ்டிசிமோ' என்று பெயர். அந்த ஒரு வார்த்தை தெரிந்தால் பிழைத்துக்கொள்ளலாம். ஆனால் இறால், கணவாய் போன்றவற்றை விரதத்திலும் சேர்ப்பதுண்டு. அதனால் "அதுவும் வேண்டாம்" என்று சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். 'ஃபாவா' என்று ஒன்று வந்தது. மஞ்சள் பருப்பை வேகவைத்து மசித்து, மேலே ஆலிவ் எண்ணெயும் நறுக்கிய வெங்காயமும். அப்படியே நம்முடைய பருப்புக் கடைசல்! தக்காளியிலும் குடமிளகாயிலும் சோறு அடைத்து வேகவைத்த 'கெமிஸ்டா', திராட்சை இலையில் சோற்றைச் சுருட்டிய 'டோல்மாடாகியா', கடைசியில் பட்டைத் தூள் தூவிய 'ரிசோகாலோ', அதாவது கெட்டியான பால் பாயசம். இவர் இரண்டு கிண்ணம் சாப்பிட்டார்.

தூங்கிக் குணமான இடம்

செவ்வாய்க்கிழமை காலையில் உள்ளே இருக்கும் எபிடாரஸ் வைத்தியக் கோயிலுக்குக் காரில் போனோம். அஸ்கிலிப்பியோஸ் என்ற மருத்துவக் கடவுளின் இடம் அது. பாம்பு சுற்றிய அவருடைய கோலைத்தான் இன்றைக்கும் மருத்துவத்தின் சின்னமாகப் போடுகிறார்கள். பக்கத்தில் 2,300 ஆண்டுகளுக்கு முன் கட்டிய வட்ட நாடக அரங்கம். பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். மருமகள் நடுவில் நின்று பள்ளிக்கூடப் பாட்டு ஒன்றைப் பாடினாள். உச்சிப் படியில் உட்கார்ந்திருந்த எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. மைக் கிடையாது!

ஆனால் என் மனதைப் பிடித்தது அந்த அரங்கமல்ல. கொஞ்சம் தள்ளி ஒரு நீண்ட மண்டபம். அங்கே கொடுத்த வைத்தியம் என்ன தெரியுமா? தூக்கம்! நோயாளிகள் குளித்து, காணிக்கை செலுத்தி, அந்த மண்டபத்தில் ராத்திரி படுத்துத் தூங்குவார்களாம். கனவில் கடவுள் வந்து குணப்படுத்துவார், அல்லது மருந்து சொல்வார் என்று நம்பிக்கை. குணமானவர்களின் கதைகளைக் கல்லிலே வெட்டி வைத்திருந்திருக்கிறார்கள். நாமும் கந்த சஷ்டிக்குத் திருச்செந்தூர்க் கோயிலிலேயே ஆறு நாள் தங்குவதில்லையா, அந்த மாதிரி.

அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்தேன். என்னவோ தெரியவில்லை, அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர் பயந்து போய், "என்ன, தலை சுத்துதா?" என்றார். அதுவரை யாரிடமும் சொல்லாததை அன்றைக்குச் சொன்னேன்.

மாமியார் இறந்த ராத்திரி நான் தூங்கிவிட்டேன். நான்கு வருடத்தில் அந்த ஒரே ஒரு நாள்தான் அலாரம் அடித்தது காதில் விழவில்லை. நாலரை மணிக்கு அலறியடித்துக்கொண்டு எழுந்து ஓடினேன், அவர்கள் போய்விட்டிருந்தார்கள். யாரும் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. 'மகள் மாதிரிப் பார்த்துக்கிட்டா' என்றுதான் ஊரே சொன்னது. அதைக் கேட்கும் போதெல்லாம் எனக்கு நெஞ்சில் ஊசி குத்தும். இரண்டு மணிக்கு எழுந்து பார்த்திருந்தால்? ஒரு வாய்த் தண்ணீராவது கொடுத்திருக்கலாமே?

இவர் வெகுநேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "அன்னிக்கு ராத்திரி நான் முழிச்சேன். பன்னெண்டரை இருக்கும். அம்மா முனகுற சத்தம் கேட்டுது. போய்த் தண்ணி குடுத்தேன், ரெண்டு வாய் குடிச்சா. உன்னை எழுப்பட்டுமான்னு கேட்டேன். 'எலே, அவள எழுப்பாத. பாவம், ஒரு நாளாவது தூங்கட்டும்'னா. நான்தான் அலாரத்தையும் அமத்தி வச்சேன். அதைச் சொன்னா நீ என்னைக் கோவிப்பியோன்னு இத்தனை நாளாச் சொல்லலை."

எனக்குக் கோபம் வந்தது என்பதை மறைக்க மாட்டேன். ஒன்றரை வருடம்! ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? படகுக்குத் திரும்பும் வரை அவரோடு பேசவில்லை. ஆனால் மாமியார் சொன்ன அந்த வார்த்தை மட்டும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தது.

கழுதையில் வந்த வாஷிங் மெஷின்

அன்று சாயங்காலம் போரோஸ் தீவு. இதற்கும் எதிர்க் கரைக்கும் நடுவே சில நூறு மீட்டர் அகலம்தான் கடல். வீடுகள் கொலு வைத்தது போலப் படிப்படியாக ஏறுகின்றன. உச்சியில் 1927-இல் கட்டிய மணிக்கூண்டு. எதிர்க் கரை எலுமிச்சைத் தோப்புகளுக்குப் பெயர் பெற்றது. கடையில் பெரிய பெரிய எலுமிச்சம்பழமாகப் பத்து வாங்கி, என் முறை வரும் நாளுக்காக வைத்தேன்.

புதன்கிழமை ஹைட்ரா போனோம். வழியில் கேப்டனம்மா தென்மேற்கே கையை நீட்டி, "அந்தப் பக்கம் ஸ்பெட்சஸ் தீவு. புபுலினாவின் ஊர்" என்றார். இரண்டு முறை விதவையானவர், பல பிள்ளைகளின் தாய். 1821-இல் சுதந்திரப் போர் மூண்டபோது, தன் சொந்தச் சொத்தில் கட்டிய 'அகமெம்னான்' என்ற கப்பலோடு போருக்குப் போனவர். யூரோ வருவதற்கு முன்பு ஒரு டிராக்மா நாணயத்தில் அவருடைய படம்தான் இருந்தது. "நான் படகு ஓட்டப் பழகிய காலத்தில் ஆண்கள் சிரித்தார்கள். அந்த நாணயம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்திருந்தேன்" என்றார் கேப்டனம்மா.

ஹைட்ராவில் கார் கிடையாது, ஸ்கூட்டர் கிடையாது. குப்பை வண்டி போன்ற ஒன்றிரண்டைத் தவிர மோட்டார் வண்டிக்கே அனுமதி இல்லை. சாமான் எல்லாம் கழுதையிலும் கோவேறு கழுதையிலும்தான் போகும். ஒரு கோவேறு கழுதை முதுகில் வாஷிங் மெஷினைக் கட்டி, படியேற்றிக்கொண்டு போனார்கள். 'அந்த வீட்டு அம்மா எத்தனை நாளாகக் காத்திருந்தாளோ!' என்று நினைத்துக்கொண்டேன். ஹைட்ரா என்ற பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது. தீவில்தான் தண்ணீருக்குப் பஞ்சம். அந்த நாளில் கப்பலில் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். எங்கள் தூத்துக்குடிக்காரிக்கு இது புரியாதா?

அந்தத் துறைமுகம் ரொம்பச் சின்னது, படகுகளோ ஏராளம். மறுநாள் காலையில் கிளம்பும்போது எங்கள் நங்கூரத்தோடு பக்கத்துப் படகின் சங்கிலியும் சேர்ந்து மேலே வந்தது. பக்கத்துப் படகுக்காரர் கையை ஆட்டிக் கத்தினார். என் கணவர் பதறினார். கேப்டனம்மாவோ ஒரு கயிற்றை அந்தச் சங்கிலிக்கு அடியில் கொடுத்துத் தூக்கிக் கட்டி, எங்கள் நங்கூரத்தைக் கீழே இறக்கி விடுவித்து, கயிற்றை அவிழ்த்துச் சங்கிலியைத் தண்ணீரில் விட்டார். பத்து நிமிஷம். குரலை ஒரு தடவைகூட உயர்த்தவில்லை. நம் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் நாம் போடும் கூச்சல் ஞாபகம் வந்தது!

எட்டு மணி நேரம்

வியாழக்கிழமை திரும்பவும் போரோஸ். ஊர்ப் பக்கம் போகாமல், பைன் மரம் சூழ்ந்த ஓர் அமைதியான வளைகுடாவில் நங்கூரம் போட்டோம். அன்று என் முறை. குக்கரில் சாதம் வைத்து, எலுமிச்சை சாதமும் உருளைக்கிழங்குப் பொரியலும் செய்தேன். கேப்டனம்மா மூன்றாவது தடவை தட்டை நீட்டினார்.

சாயங்காலம் தண்ணீர் குளம் போலக் கிடந்தது. "அத்தை, நீங்களும் வாங்க" என்று மருமகள் பிடிவாதம் பிடித்தாள். சுடிதாரின் மேல் மிதவைச் சட்டையை இறுகக் கட்டிக்கொண்டு, படகின் பின்புற ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கினேன். கடைசிப் படியில் கை விட மறுத்தது. கீழே தண்ணீருக்குள் தரை தெரிந்தது, அவ்வளவு தெளிவு. இவர் ஏற்கெனவே தண்ணீரில் நின்று கையை நீட்டிக்கொண்டிருந்தார். "விடு, நான் பிடிச்சுக்கிடுதேன்" என்றார். விட்டேன். மூழ்கவில்லை! மல்லாந்து படுத்து வானத்தைப் பார்த்துக்கொண்டு மிதந்தேன். என் உடம்பின் பாரத்தை எனக்குப் பதில் வேறு ஏதோ ஒன்று சுமந்தது. நான்கு வருடம் இன்னொருவர் பாரத்தைத் தூக்கிப் புரட்டியவளுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நீங்களே நினைத்துக்கொள்ளுங்கள்.

அன்று ராத்திரி படுத்தேன். கண் விழித்தபோது வெயில் ஜன்னல் வழியாக முகத்தில் அடித்தது. இரண்டு மணி எப்போது வந்தது, எப்போது போனது என்றே தெரியாது. சமையலறையில் பால் தீய்ந்த வாசனை. இவர் காபி டம்ளரோடு அசடு வழிய நின்றார். அந்தக் காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.

வெள்ளிக்கிழமை நீண்ட தூரம் பாய் விரித்து அலிமோஸ் திரும்பினோம். சனிக்கிழமை காலை படகை ஒப்படைத்துவிட்டு இறங்கியபோது, தரை என் காலுக்கடியில் ஆடியது. ஒரு நாள் அப்படித்தான் இருக்குமாம். குக்கரைக் கேப்டனம்மாவிடமே கொடுத்துவிட்டேன்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

கிரேக்கக் கடலில் ஜூலை, ஆகஸ்டில் 'மெல்டெமி' என்ற வடகாற்று பலமாக வீசும். நாங்கள் போன சரோனிக் வளைகுடாவில் அதன் வேகம் கொஞ்சம் குறைவு. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு ஜூன் அல்லது செப்டம்பர் நல்லது.

பெரிய சூட்கேஸ் வேண்டாம். படகில் வைக்க இடம் இருக்காது. மடித்து வைக்கக் கூடிய துணிப்பை போதும். புடவை ஒன்று போதும். கரைக்கும் படகுக்கும் நடுவே ஒரு முழ அகலப் பலகையில் நடக்க வேண்டியிருக்கும், சுடிதாரே சௌகரியம். வழுக்காத ரப்பர் அடிச் செருப்பு, நாடா வைத்த தொப்பி, முழுக்கைச் சட்டை அவசியம். தண்ணீரில் பட்டுத் திரும்பும் வெயில் நிழலிலும் சுடும்.

வாந்திக்கான மாத்திரையை மயக்கம் வந்த பிறகு போட்டுப் பயனில்லை. கிளம்புவதற்கு முன்பே போட வேண்டும். பிரஷர், சர்க்கரை இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் எதையும் போடக் கூடாது.

சின்னக் குழந்தைகளுக்கு அளவான மிதவைச் சட்டை இருக்கிறதா என்று படகில் ஏறும் முன்பே பார்த்துவிடுங்கள். மேல்தளத்தில் இருக்கும்வரை அதைக் கழற்றவே கூடாது. 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விடாமல், இந்த ஒரு மணி நேரம் இவர் பொறுப்பு என்று ஒருவரை முறை வைத்து நியமியுங்கள்.

ஊருக்கு வந்து மாதங்கள் ஆகின்றன. இன்னும் சில ராத்திரிகளில் இரண்டு மணிக்கு விழிப்பு வருகிறது, இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் இப்போதெல்லாம் எழுந்து உட்காருவதில்லை. 'எலே, அவள எழுப்பாத' என்ற குரலை நினைத்துக்கொண்டு திரும்பிப் படுக்கிறேன். பெரும்பாலும் தூக்கம் வந்துவிடுகிறது.

எல்லாராலும் கிரேக்க நாட்டுக்குப் போக முடியாது. தம்பி அங்கே இல்லாவிட்டால் என்னாலும் முடிந்திருக்காது. ஆனால் கேப்டனம்மா ஒட்டிய அந்தப் பட்டியலுக்கு விசா வேண்டாமே! எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் இப்போது அப்படி ஒன்று தொங்குகிறது. ஞாயிற்றுக்கிழமைக் காபி இவர் முறை. பால் இன்னும் தீய்கிறது. நான் உள்ளே போவதில்லை.